கைப்பிடி எந்தப் பக்கம்?

கையிலிருந்து இரத்தம் வடிவது அவருக்குத் தெரியவில்லை. நான்தான் முதலில் கண்டேன்.

பின்னேர அஸர் தொழுதுவிட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு களப்புக் கரைக்குப் போயிருந்தேன். எங்கட வீட்டுக்காரர் வழமைபோலக் கண்டல் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். தங்கூசி, தூண்டில் நரம்பு, தண்ணீருக்குள் நேராக இழுபட்டு நின்றது. வலது கையின் சுட்டுவிரல் அதன்மேல். இடது உள்ளங்கையில் தங்கூசியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார். அந்தச் சுற்றுக்குக் கீழேயிருந்து சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்துகொண்டிருந்தது. இரைக்கு வெட்டின மீனின் இரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இஞ்ச பாருங்க, கை" என்றேன்.

"சும்மா இரு. பெருசு ஒண்டு இழுக்குது."

"கையப் பாருங்களேன்."

குனிந்து பார்த்தார். வேறு யாருடையதோ கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முகத்தில் நோவு என்று ஒன்று வரவேயில்லை. இரத்தத்தைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது. நான் முந்தானையால் கையைக் கட்டினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் போன மீனைப் பற்றித்தான் கதைத்தார்.

சொன்னால் கேட்காத கை

அவருக்கு வாதம் வந்தது அதற்கு முந்திய நோன்புக்குப் பிறகு. வாய் கோணினது சரியாகிவிட்டது. காலும் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்கு வந்துவிட்டது. இடது கைதான் வரவில்லை. தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். விரல்களை நாங்கள் மடக்கிவிட்டால் மடங்கி இருக்கும். சூடு, குளிர், கீறல் ஒன்றும் தெரியாது. அதோடு சீனி வருத்தமும் இருக்கிறது.

கிளினிக்கில் டொக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் கதைக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இது ஆழமா வெட்டியிருக்கு, அம்மா. இவருக்கு நோவு தெரியாது, அதனால கைய எடுக்கவும் மாட்டார். சீனிக்காரர் வேற. இன்னொரு தரம் இப்படி வெட்டினா விரல எடுக்க வேண்டி வரும். விரலோட நிற்குமெண்டும் சொல்ல ஏலாது."

எனக்கு ஆம்பிளையளோடு கதைத்துப் பழக்கமில்லை. டொக்டர் என்றால் இன்னும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெளியில் வந்த பிறகுதான் கேட்க வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

காயம் ஆற எத்தனையோ கிழமை எடுத்தது. ஒவ்வொரு நாளும் மருந்து கட்டும்போது அந்தக் கையை என் மடியில் வைத்துக்கொள்வேன். அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மகள் வந்து வீட்டில் தங்கூசி சுற்றி வைத்திருந்த போத்தல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். "வாப்பா இனிக் களப்புப் பக்கம் போகக் கூடாது" என்று சட்டம் போட்டாள். அவர் அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பாதியில் வைத்தார். தொழுகையைத் தவிர.

விரல் சொல்லும் மீன்

மீன் பிடிக்காவிட்டால் என்ன, பேசாமல் வீட்டில் இருக்கட்டுமே என்று இதை வாசிக்கிறவர்கள் நினைப்பீர்கள். என் மகளும் அப்படித்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

நாங்கள் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டுப் புத்தளத்துக்கு வந்த புதிதில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். அவர் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார். அங்கே வள்ளமும் வலையும் வைத்திருந்த மனிசன் இங்கே உப்பு வாரினார். கால் பித்தவெடிப்பில் உப்புப் பட்டு இரவில் முனகுவார். பகலில் யாரோடும் கதைப்பதில்லை. எனக்கு அப்போதும் இதே பயம்தான். மனிசன் உள்ளுக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார் என்ற பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, "வெறும் போத்தல் ஒண்டு இரிக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எங்கேயோ வாங்கின தங்கூசியை அதில் சுற்றிக்கொண்டு களப்புக்குப் போனார். நாலைந்து ஓரா மீனோடு வந்தார். "இந்தக் களப்பிலயும் ஓரா எங்கட ஓரா மாதிரித்தான் கொறிக்குது" என்றார். இங்கே வந்து அவர் தானாக எனக்குச் சொன்ன முதல் கதை அதுதான்.

வலைத் தொழிலுக்குத் திரும்பிப் போக அவருக்கு முடியவில்லை. தங்கூசியை மட்டும் விடவில்லை. போத்தலில் சுற்றின தங்கூசியை எறிந்துவிட்டு, இடது கையில் ஒரு பிடி பிடித்துக்கொண்டு, வலது கைச் சுட்டுவிரலால் தொட்டுக்கொண்டு இருப்பார். மீன் வந்தால் விரல் சொல்லுமாம். ஓரா கொறிக்கும். விளைமீன் தட்டிப் பார்க்கும். கொடுவா தட்டாது, எடுத்துக்கொண்டு போய்விடும். சொல்லிவிட்டுத்தான் இழுப்பார். சொன்ன மீன்தான் வரும். சில நேரம் கெளுத்தி வந்து அவரை வெட்கப்படுத்தும். அதை நான் வெளியில் சொல்வதில்லை.

இப்போது விளங்குமென்று நினைக்கிறேன். மீன் வேண்டுமென்றால் வாசலில் மோட்டார் சைக்கிளில் வருகிறது. அவருக்கு வேண்டியது அந்த விரலில் வருகிற கதை.

ஒரு காலை, கோழிக்கூட்டுக்குப் பின்னால் புதுப் போத்தல் ஒன்றைக் கண்டேன். தங்கூசி சுற்றி, தூண்டில் கட்டி, ஈயமும் போட்டிருந்தது. ஒரு கையால் எப்படிக் கட்டினார் என்று தெரியாது. பல்லால் கட்டியிருக்க வேண்டும். நான் அதை எடுக்கவில்லை. எடுத்தால் இன்னொன்று செய்வார், அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாமல் போகும்.

சிலாபத்துக் கடை

அந்த நாட்களில் என் நானாவின் பெண்சாதி, மதினி, பக்கத்து வளவில்தான் இருந்தா. மதினிக்கு எதற்கும் வெட்கம் கிடையாது. போனில் எந்த நேரமும் ஏதாவது படம் பார்த்துக்கொண்டிருப்பா. அப்படி ஒரு படத்தில் ஒரு வெள்ளைக்காரர் பாறையில் நின்று மீன் பிடிக்கிறார். ஒரு கம்பு, கம்பில் ஒரு ரீல். மீன் இழுக்கிறது, ரீல் சுற்றுகிறது. நான் போனைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தேன். கடைசிவரை தங்கூசி அவருடைய கையில் படவேயில்லை.

"மதினி, இது எங்க வாங்கலாம்?"

"என்ன, நீ மீன் பிடிக்கப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். மதினி போனை மடியில் வைத்தா. "புத்தளத்துக் கடையள்ல நான் கண்டது வலையும் தங்கூசியும்தான். சிலாபத்தில என்ட மகள்ட வீட்டுக்குக் கிட்ட ஒரு கடையில கண்ணாடி அலுமாரிக்குள்ள அடுக்கி வச்சிரிக்கான். வா, போவம்" என்றா.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

நான் கடையில் நின்று ஒரு சாமானைக் கேட்டு வாங்கினது குறைவு. சீலை, துணிகூட வாசலுக்குப் பொட்டணி கொண்டு வருகிறவரிடம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்ததுதான். அந்தக் கடையில் எல்லாரும் ஆம்பிளைகள். நான் மதினியின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

கடைக்காரத் தம்பி சிலாபத்துக்காரர். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகக் கதைத்தார். மேசையில் மூன்று ரீல் எடுத்து வைத்தார்.

ஒன்று கிணற்றுக் கப்பி மாதிரி, கம்பின்மேல் உட்காருவது. "இது பெலமான சாதி, பெரிய மீனுக்கு. எறியேக்க பெருவிரலால அமத்திப் பிடிக்கணும். விட்டா தங்கூசி முழுக்கச் சிக்காயிடும்" என்றார்.

இரண்டாவது நூற்கட்டை மாதிரி, கம்புக்குக் கீழே தொங்குவது. தங்கூசி வெளியில் தெரிந்தது. அதன்மேல் ஒரு கம்பி வளையம். எறிகிறதற்கு முன் வளையத்தைத் தூக்கவேண்டும், தங்கூசியைச் சுட்டுவிரலில் கொளுவிப் பிடிக்கவேண்டும், எறியும்போது விடவேண்டும். முன்னுக்கு ஒரு திருகாணி. அதை இளக்கி வைத்தால், மீன் பலமாக இழுக்கும்போது ரீல் தானாகத் தங்கூசியை விட்டுக்கொடுக்குமாம்.

மூன்றாவதுக்குச் சிரட்டை மாதிரி ஒரு மூடி. தங்கூசி வெளியில் தெரியாது, மூடியிலிருக்கும் சின்ன ஓட்டையால் வருகிறது. பின்னால் ஒரு பொத்தான். அமத்தி எறிந்தால் சரி.

"இது லேசு. ஆனா சின்னப் புள்ளையள் பழகிறது, அம்மா."

"எங்கட ஆளும் இப்ப சின்னப் புள்ளதான், மல்லி" என்றா மதினி, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு. "சொல்லுக் கேக்காத புள்ள."

நான் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கத்தாலும் விரல் தங்கூசியில் படாது. அதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. "இது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மதினிதான் திருப்பிச் சொன்னா.

மூடிக்குள் போன தங்கூசி

கம்பையும் ரீலையும் கண்டவுடன் அவர் கோபிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவாத்தான் இரிக்கு" என்றார். அந்தச் சொல்லுக்காகவே அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

மணலில் ஒரு குழாய்த் துண்டைப் புதைத்து, கம்பை அதில் நிறுத்திவைத்தால் வலது கையால் மட்டும் சுற்றலாம் என்று மதினி சொல்லிக் கொடுத்தா. அதையும் போனில் கண்டாவாம். அன்றைக்கு அஸருக்குப் பிறகு போனோம். பொத்தானை அமத்தி எறிந்தார். இரை தூரமாகப் போய் விழுந்தது. கம்பு குழாயில் நின்றது. எனக்கு மனம் கொஞ்சம் ஆறினது. நுரைச்சோலைப் பக்கம் மின்சார நிலையத்துப் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன்.

கோப்பையைக் கொடுக்கத் திரும்பினால், அவர் கம்பைப் பார்த்து உட்காரவில்லை. ரீலுக்கும் கம்பின் முதல் வளையத்துக்கும் நடுவில் தங்கூசியை இழுத்து எடுத்து, இடது உள்ளங்கையில் சுற்றியிருந்தார். பழைய தழும்புக்கு மேலேயே. வலது விரலால் அதைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

கோப்பை என் கையிலிருந்து விழுந்தது. ஓடிப்போய்ச் சுற்றைக் கழற்றினேன். அவசரத்தில் தங்கூசி இன்னும் இறுகினது. அந்த நேரம் ஒரு மீன் இழுத்திருந்தால் விரல் போயிருக்கும்.

"இதுக்குத்தானே இத வாங்கினேன்" என்றேன். அழுகை வந்தது. "கையில சுத்த வேணாம் எண்டுதானே."

"மூடி போட்டு வச்சா மீன் வாறதும் போறதும் ஆருக்குத் தெரியும்? இந்தப் பெட்டிக்கா?" என்றார். சத்தம் போடவில்லை. "எனக்கு ஒண்டும் கேக்குதில்ல, சபியா. காது அடச்ச மாதிரி இரிக்கி."

ஒரு நாளும் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவரில்லை. நான் கோப்பையைப் பொறுக்கி எடுத்தேன்.

அன்றைக்கு இரண்டு விஷயம் விளங்கினது. கையில் படாத தங்கூசி என்று நான் தேடினேன். விரலில் படுகிற தங்கூசி இல்லாவிட்டால் அவர் திரும்பவும் கையில்தான் சுற்றுவார். அவரைக் கேட்காமல் வாங்கினது சரிவரவில்லை.

மறுபடியும்

கடைக்கு வர மாட்டேன் என்றார். காரணம் எனக்குத் தெரியும். வாதம் வந்ததிலிருந்து அந்தக் கையை வெளியாருக்குக் காட்டமாட்டார். பள்ளிக்குப் போனாலும் தோளில் ஒரு துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொள்வார்.

மதினிதான் வந்து வாசலில் நின்றா.

"மச்சான், இவ உங்களுக்கெண்டு அந்த ஆம்பிளையளுக்கு நடுவில போய் நிண்டவ. என்ட முதுகுக்குப் பின்னால ஒளிச்சத நான் கண்டேன். உங்களுக்குத்தான் வெட்கமெண்டு நினைச்சா, இவட வெட்கத்த எங்க கொண்டு வைக்கிற?"

அவர் துண்டைத் தேடினார். வெளிக்கிடத்தான் தேடுகிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கடைக்காரத் தம்பி எங்களை மறக்கவில்லை. மூடி போட்ட ரீலைக் காட்டினேன். முகம் சுளிக்காமல் வாங்கி வைத்தார். "நான் சொன்னேன்தானே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

எங்கட வீட்டுக்காரர் கப்பி மாதிரி ரீலைப் பார்த்துவிட்டுத் தள்ளினார். நூற்கட்டை மாதிரி ரீலைக் கம்பில் பூட்டித் தரச் சொன்னார். வலது கையில் கம்பைப் பிடித்தார். ரீலின் தண்டு கைவிரல்களுக்கு இடையில் போனது. சுட்டுவிரல் கீழே இறங்கித் தானாகத் தங்கூசியில் போய் நின்றது. அதற்கென்று செய்து வைத்த இடம்போல்.

"தங்கூசிட நுனியப் பிடிச்சிக்கிட்டு வெளிய போ" என்று மதினியிடம் சொன்னார். மதினி கடை வாசலைத் தாண்டி ரோட்டோரம் போய் நின்றா. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப?" என்றா மதினி அங்கிருந்து.

"இல்ல. நீ தொடயில்ல."

"இப்ப?"

"ஒரு சுண்டு சுண்டின. ஓரா மாதிரி."

"இப்ப சொல்லுங்க பாப்பம்?"

"இது கெளுத்தி. சுண்டுற ஆள் மாதிரியே."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். துண்டு நழுவி இடது கை வெளியில் தெரிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

அப்போதுதான் கடைக்காரத் தம்பி கேட்டார். "ஐயா, சுத்துற கைப்பிடி எந்தப் பக்கம் வேணும்? இதில கழட்டி மாத்திப் போடலாம். வலமா, இடமா?"

"வலது" என்றேன் நான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கடையில் சத்தமாகக் கதைத்தேன்.

"இடது" என்றார் இவர்.

கடையில் சிரிப்பு நின்றது. மதினி உள்ளே வந்தா. "மச்சான், அந்தக் கையாலயா சுத்தப் போறீங்க?"

அவர் கம்பை மேசைக்கு மேலால் நீட்டினார். கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். இடது பக்கத்தில் பூட்டிக் கொடுத்தார்.

பஸ்ஸில்

வரும் வழியில் அவர் கம்பைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலால் பார்த்தபடி வந்தார். நான் அந்தக் கைப்பிடியைப் பார்த்தபடி வந்தேன்.

மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கை திரும்பி வருமென்று நினைத்துக்கொண்டிருக்கிறாரா. செத்த கை என்பது இன்னும் அவர் மனசில் படவில்லையா. அப்படியென்றால் சுற்றப் பார்ப்பார், முடியாது, தங்கூசியை எடுத்துக் கையில் சுற்றுவார். மூன்றாவது தடவை. டொக்டர் சொன்ன சொல் பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே குலுங்கினது. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சனம் நிறைந்த பஸ். மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு அஸருக்குப் பிறகு அவர் கம்பை எடுத்தார். நானும் பின்னால் போனேன். இந்த முறை தேத்தண்ணி எடுக்கவில்லை. இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டுமென்று நினைத்தேன். தங்கூசியைக் கழற்ற.

கரையில் ஆட்கள் இருந்தார்கள். வலை காயவைக்கிறவர்கள், வள்ளம் தள்ளுகிறவர்கள். எங்கட பக்கத்தில் ஒரு பெண் புருஷனோடு கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிற வழக்கம் இல்லை. தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

அவர் பலகையில் உட்கார்ந்தார். கம்பின் அடியைத் தொடையில் ஊன்றினார். இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்தார். பிறகு பலகையில் தன் இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தார்.

"அங்க நிண்டா எப்பிடிச் சுத்துவ?" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கினபோது வலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"சனம் பாக்கும்" என்றேன்.

"பாக்கட்டும்."

முக்காட்டை இழுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். கைப்பிடி என் வலது கைக்கு நேரே இருந்தது. "வளையத்தத் தூக்கு" என்றார். தூக்கினேன். சுட்டுவிரலில் தங்கூசியைக் கொளுவி எறிந்தார். "ஒரு சுத்துச் சுத்து." சுற்றினேன். வளையம் டக்கென்று விழுந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

"அது அப்பிடித்தான்."

யாரோ வலைப் பக்கமிருந்து ஏதோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். என் முகம் காதுவரை சுட்டது. நான் முன்னுக்கிருந்த திருகாணியைத் தொட்டுப் பார்த்தேன், இளக்கமாக இருக்கிறதா என்று. இருந்தது. திரும்பவும் தொட்டுப் பார்த்தேன்.

"விளைமீன். தட்டிப் பாக்குது" என்றார் மெதுவாக. விரல் தங்கூசியில் இருந்தது.

பிறகு கம்பு வளைந்தது. ரீல் கிர்ரென்று சத்தம் போட்டது. நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன்.

"சுத்தாத. போகட்டும்."

"அறுத்துக்கிட்டுப் போயிடுமே."

"போகட்டும் எண்டுறேன். எனக்குத் தெரியுது."

தங்கூசி ஓடியது. யாருடைய கையையும் தொடாமல் ரீலிலிருந்து தானாக ஓடியது. நின்றது.

"இப்ப சுத்து."

சுற்றினேன். "நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன். "சுத்து." சுற்றினேன். கரையில் சிரித்தவர்கள் எழும்பி வந்து பின்னால் நின்றார்கள். ஒருவர், "ராத்தா, விட்டிடாதீங்க" என்றார். மீன் வெள்ளையாகத் தண்ணீருக்கு மேல் ஒருமுறை புரண்டது. விளைமீனா வேறு மீனா என்று நான் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டே அவருடைய மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை வைத்த இடத்திலேயே இருந்தது. நனையக்கூட இல்லை.